புக்கிட் புத்துஸ் இறக்கம்

மாதத்தின் மூன்றாம் ஞாயிறு
பகாவ் பல் மருத்துவர் நவகோடியின் கிளினிக்கில்
நோயாளிகள் உட்காரும் நாற்காலிகளில்
எழுதுகிறவர்கள் நாங்கள் உட்காருவோம்.
சுவரில் ஒரு கடைவாய்ப்பல்
வேரோடு சிரித்துக்கொண்டிருக்கும்.

இந்த மாதம், போய்வந்த பயணங்கள்.

அஞ்சலகத்தில் ஓய்வுபெற்ற பூவேந்தனார்
காசிக்குப் புறப்பட்டார்.
கங்கை வருவதற்குள் தே-ஓ ஆறிவிட்டது.
அமலோற்பவம் டீச்சர்
மேடானில் தொலைத்த கடப்பிதழைத் தேடி
எங்களையும் மூன்று போலீஸ் நிலையம் ஏற்றி இறக்கினார்.
கடைசியில் அது அவர் கைப்பையிலேயே இருந்தது.
சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.
அந்த ஓர் இரவு, கட்டிலோரம் உட்கார்ந்து
எந்த ஊர்க்காரியும் இல்லாமல் இருந்து பார்த்தேன்,
முதல் கதை அங்கேதான் வந்தது, என்றார்.

என் முறை.
நான் எங்கும் போனதில்லை.
பாலோங் ஆலையிலிருந்து கிள்ளான் துறைமுகம்,
போகும்போது முப்பது டன் செம்பனை எண்ணெய்,
வரும்போது காலி.
பதினொரு வருடம் ஒரே சடக்கு.
இதைப் பயணம் என்றால்
செக்கு மாடும் உலகம் சுற்றியதுதான்.

ஆனால் ஒன்று உண்டு. எல்லாருக்கும் தெரியும்.
எடைச்சீட்டுகளின் முதுகில்
ஏழு கதையாய் எழுதிவிட்டேன்:
அதிகாலை மூன்று மணி, மழை,
புக்கிட் புத்துஸ் இறக்கத்து வளைவில்
ஒரு பெண். கையில் ஆளுயர மின்விசிறி.
பெட்டி இல்லை, பை இல்லை.
விசிறியின் வயரை
மணிக்கட்டில் சுற்றியிருந்தாள்.
கை காட்டினாள்.
நிறுத்தினேன்.

ஒரு கதையில் சிரம்பானில் இறங்கினாள்.
ஒன்றில் அழுதாள்.
ஒன்றில் வழிநெடுக யாரையோ மலாயில் திட்டினாள்.
அதற்குத்தான் பரிசு,
இருநூறு வெள்ளியும் ஒரு கேடயமும்.

சொல்லி முடித்தேன். கை தட்டினார்கள்.
கவிஷா, புதிதாய் வந்தவள்,
ஆலை ஆய்வுக்கூடத்தில் எண்ணெய்க்கு
அமிலம் பார்க்கிறவள்,
பேனா மூடியைக் கடித்தபடி கேட்டாள்:
அண்ணே, விசிறிய எங்க வச்சீங்க?

ஏழு கதையிலும் அது இல்லை.
ஏழு முறை அவளை ஏற்றி
ஏழு முறையும் விசிறியைச்
சடக்கிலேயே விட்டிருக்கிறேன்.

பாரத்தோடு இறங்கும்போது பிரேக் பிடித்தால்
வண்டி நிற்கும், எண்ணெய் நிற்காது.
பின்னாலிருந்து எழும்பி வந்து
முதுகில் ஒரு தள்ளு தள்ளும்,
இன்னும் போ, இன்னும் போ என்று.
அதைச் சொல்லியிருக்கலாம்.
வேற்றாளை ஏற்றக் கூடாது என்ற
கம்பெனிக் கடிதத்தைக் காட்டியிருக்கலாம்.
இரண்டும் உண்மை.
பக்கக் கண்ணாடியில்
என் பின்விளக்குச் சிவப்பில்
விசிறியின் கம்பிவலை ஒருமுறை மின்னியது.
நான் பார்த்தது அவ்வளவுதான்.
சிரம்பானில் லோரியை ஓரங்கட்டி
இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டேன்.
பசித்தது. அதையும் எழுதவில்லை.

மடியில், என்றேன்.
மடியில் வைத்திருந்தாள்.
கண்ணாடி பாதி இறங்கியிருந்தது,
காற்றுக்கு இறக்கை தானாகச் சுற்றியது,
கரண்டே இல்லாமல், இறக்கம் முழுக்க.

அடடா, என்றார் பூவேந்தனார்.
எட்டாவதாய் இதை எழுதுங்கள்.
டாக்டர்கூட உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.
கவிஷா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.
என் கோப்பையையும் சேர்த்துக்
கழுவ எடுத்துப் போனாள்.

திங்கள் இரவு எடைமேடையில்
சீட்டுக்குக் காத்திருந்தபோது
உள்விளக்கைப் போட்டு
கியர் கம்புக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவே
சாண் வைத்துப் பார்த்தேன்.
இரண்டு சாண், நான்கு விரல்.

அடித்தட்டைக் கழற்றினால்
கொள்ளும்.